தங்கச்சி என்று அழைத்த குரல்

கார்காலம் தன் முழக்கங்களையெல்லாம் முடித்துக்கொண்டு போய்விட்டது. அதன்பின் வந்த கூதிர்க்காலம் முழங்குவதில்லை, முணுமுணுக்கும். இலைகளிலும் கூரை இறவாரங்களிலும் தேங்கிய நீர் நினைத்து நினைத்துச் சொட்டும். வாடைக்காற்று ஒவ்வொரு வீட்டுச் சாளரத்தையும் தட்டிப் பார்த்து, தாழிட்டிருக்கக் கண்டு, அடுத்த வீட்டுக்கு நகரும். பகலவன் இருக்கிறான் என்பதை வெயிலால் அன்றி நம்பிக்கையால் மட்டுமே அறிந்துகொள்ளும் நாள்கள் அவை. எதிரே வருபவர் போர்வைக்குள் முகம் புதைத்து வருவதால், அறிந்தவரோ அயலாரோ என்று ஐயுற்று நின்று, அருகில் வந்த பின்னரே புன்னகைக்க வேண்டியிருக்கும். எல்லாம் வல்ல இறைவன் உலகத்துக்கே மௌன நோன்பு விதித்தாற்போன்ற அந்தப் பருவத்தில்தான் பெரியவரின் குரல் அவரைவிட்டு நீங்கியது.

அது எளிய குரலன்று. நீதிமன்ற வாசலில் நின்று, வழக்குக்கு உரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் அழைத்தால் எதிர்ச்சாரித் தேநீர்க் கடையில் ஒளிந்திருக்கும் சாட்சியும் எழுந்து வந்துவிடுவான் என்பார்கள். அதே குரலால் விடியலில் இறைவனைத் துதிப்பார். தொண்டையில் வந்த நோய் குரல்வளையைக் கேட்டது. கொடுத்தால் உயிர் நிலைக்கும் என்றார் மருத்துவர்.

அறுவைக்கு முன்பே அவர் குரலைப் பதிந்து வைக்கலாம் என்று சொன்னவர் மருமகன். அச்சகத்தில் கணினியில் பக்கம் கட்டும் வேலை அவருக்கு. மற்ற நேரமெல்லாம் கட்டற்ற மென்பொருளே அவர் மூச்சு. முகம் அறியாத பலர், பல நாடுகளில் இருந்துகொண்டு, ஒரு செயலியை எழுதி, எழுதியதை மறைக்காமல் ஊரறிய வைப்பார்கள். யாரும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பித் தரலாம். பாடிய பாடலைப் பூட்டி வைக்காமல் கேட்டவர் நாவிலெல்லாம் விட்டுச் சென்ற முன்னோரின் வழி அது என்று அவர் கருதினார். அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவர். எழுதிய சொல்லைப் பேசிக் காட்டும் செயலி ஒன்றின் தமிழ்ப் பகுதியை அவரே கவனித்து வந்தார்.

மற்றெல்லாவற்றின்மீதும் அவருக்கு ஐயம்தான். மடிக்கணினியின் ஒளிப்படக் கண்மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாள் எப்போதும் இருக்கும். பேசும் குளிர்ப்பெட்டி வந்திருக்கிறது என்று கடைக்காரர் பெருமையாகக் காட்டியபோது, "பேசறது சரி, யார்கிட்டப் போய்ப் பேசும்?" என்று கேட்டு அவரைத் திகைக்க வைத்தவர். ஓர் ஒப்பந்தத்தின் கடைசி வரிவரை படிக்காமல் கையெழுத்திடமாட்டார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

பெரியவரின் மகன் இதற்கு நேர்மாறு. காப்பீட்டு முகவரான அவனுக்கு, பத்திரத்தைப் படிக்கவிடாமல் கையெழுத்து வாங்குவதே தொழில் நுட்பம். தங்கையின் கணவருக்கு அவன் வைத்த பெயர் 'ஓசி மாப்ள'.

"மாப்ள, உலகத்துல பைசா வாங்காம எவனும் பல்லைக்கூடக் காட்டமாட்டான். உங்க ஆளுங்க மட்டும் எதுக்குச் சும்மா குடுக்கறாங்க?"

"எல்லாம் திறந்துதான் இருக்கு மச்சான். ஒரு வரி விடாம யார் வேணும்னாலும் படிச்சுப் பாத்துக்கலாம்."

"யாரு, நானா?"

"யார் வேணும்னாலும்."

"கிணறுகூடத்தான் திறந்து கெடக்குது. அதுக்காக எட்டிப் பாக்கறவன் நீந்திடுவானா?"

படிக்கத் தெரியாதவர்கள் ஐயப்படவும் உரிமையற்றவர்கள் என்று உள்ளூர ஓர் எண்ணம் மருமகனுக்கு உண்டு. அதை இதழோரச் சிரிப்பில் மட்டும் காட்டினார்.

ஆயினும் பதிவு நடந்தது. சன்னல்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, மாமனாரை ஒலிவாங்கிமுன் அமர்த்தி, வாக்கியம் வாக்கியமாகப் படிக்க வைத்தார் மருமகன். அறுவை முடிந்து வீடு திரும்பிய பெரியவர், கட்டிலருகே வைத்த கணினியில் தட்டுத்தடுமாறி எதையோ தட்டினார். அவருடைய சொந்தக் குரலில் பெட்டி பேசியது:

"அந்த ரூம் லைட்டை யாரு எரியவிட்டது? அணைங்க."

மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். வாசலில் நின்ற மகன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. சில வாரங்களில் குரலில் ஓர் இழுப்பு நுழைந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி ஒலியும் ஈரத்துணிபோல் நீண்டு தொங்கியது. "என்ன இது, அப்பா பிச்சை கேக்கற மாதிரிப் பேசறாரு?" என்றான் மகன். "அடுத்த திருத்தத்துல சரியாகிடும் மச்சான்" என்று சொல்லிவிட்டு அச்சகத்துக்கு விரைந்தார் மருமகன். மறுவாரம் மகன் அப்பாவுக்குப் புதிய கைப்பேசி ஒன்றை வாங்கி வந்தான். உறவினர் எண்களைத் தானே பதிந்து கொடுத்தான். "நெனைவுக்கு இருக்கட்டும்" என்று கணினியிலிருந்த குரல் பதிவுகளையும் எடுத்துப் போனான். பெரியவர் அந்தக் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாலையில் பூங்காவுக்கும் மகன் வீட்டுக்கும் போய்வந்தார்.

பனி இறங்கிய ஒரு நடுப்பகலில் பெரியவரின் தங்கை, முன்னறிவிப்பின்றி, அயலூரிலிருந்து வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, ஒரு வார்த்தை பேசு."

பெரியவர் கழுத்துத் துணியைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையசைத்தார்.

"அப்ப நேத்து என்கூடப் பேசினது யாரு?"

நடந்ததை அவள் சொல்லச் சொல்ல வீடு உறைந்தது. தொலைபேசி மணி அடித்திருக்கிறது. எடுத்தால் அண்ணன் குரல். 'தங்கச்சி, நான்தான்' என்றது. குரல் திரும்பிவிட்டது என்று அவள் அப்படியே தரையில் அமர்ந்து கைகூப்பி அழுதிருக்கிறாள். அழுகைக்கு நடுவில் அந்தக் குரல், உன் கைப்பேசிக்கு ஓர் எண் வரும், அவசரம், சொல் என்றிருக்கிறது. சொல்லிவிட்டாள். வங்கியில் அவள் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் போய்விட்டது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு நேரே இங்கே வந்திருந்தாள்.

"என்னை ஒருநாளும் நீ தங்கச்சின்னு கூப்பிட்டதில்ல. வாயாடின்னுதான் கூப்பிடுவே. அப்பவே எனக்குப் புத்தி வந்திருக்கணும்" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பணம் போனது போகட்டும்ணா. குரல் வந்திடுச்சுன்னு நெனச்சு நான் சந்தோஷப்பட்டேனே ஒரு பொழுது, அதைத்தான் என்னால தாங்க முடியல."

பெரியவர் எழுந்து போய்க் கணினியின்மேல் ஒரு துண்டைப் போர்த்தினார். சட்டைப்பையிலிருந்த கைப்பேசியையும் அணைத்தார். பேரப்பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்திருந்த சிலேட்டை எடுத்து, எழுதிக் காட்டினார்: "கள்ளன் வாயில் போன குரல் எனக்கு வேண்டாம்."

அன்று முதல் அவர் சிலேட்டில் மட்டுமே பேசினார். விடியலில் துதியும் நின்றுபோயிற்று. கண்ணை மூடி அமர்ந்திருப்பார். உதடு அசையாது.

மகன் வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் ஓங்கியிருந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன்ல? ஓசில வந்த சாமான். எவனோ எழுதினது, எவனோ திருத்தினது. அப்பா குரலை வித்துட்டானுங்க. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் பெட்டியை வீட்டைவிட்டு வெளிய போடணும். இல்லேன்னா நானே வந்து போடறேன்."

"எல்லாம் திறந்து..." என்று தொடங்கினார் மருமகன்.

"போதும் மாப்ள. உங்க திறப்பு விழாவைக் கேட்டுக் கேட்டு எங்க காது அடைச்சுப் போச்சு."

அதன்பின் வீட்டில் காற்றே மாறிற்று. மருமகன் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். ஊர் திரும்பாமல் இருந்த பெரியவரின் தங்கை தன் கைப்பேசியைத் தலையணைக்குக் கீழே செருகுவாள். செவிலியரான மனைவி, பணிமுடிந்து வந்து, அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் அமர்ந்து, மருந்தின் பெயரைச் சரிபார்ப்பதுபோல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் சந்தேகப்படறியா?" என்றார் அவர்.

"நீங்க தப்புப் பண்ணிருப்பீங்கன்னு சொல்லல. ஆனா அந்தச் செயலிக்குள்ள எவன் என்ன வச்சிருக்கான்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா? எல்லாத்தையும் நீங்க படிச்சீங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். சோறு தட்டிலேயே ஆறியது.

அவர்கள் கூட்டத்தில் ஒரு நெறி உண்டு. ஒருவர் எழுதிய திருத்தத்தை இன்னொருவர் வரிவரியாகப் படித்து, ஒப்புதல் தந்த பின்புதான் சேர்ப்பார்கள். தமிழ்ப் பகுதிக்கு ஒப்புதல் தருவது இவர் பொறுப்பு. கடைசியாக வந்த திருத்தம் வேற்று நாட்டவர் ஒருவர் அனுப்பியது. பணிவான மனிதர், நல்ல எழுத்து. அச்சகத்தில் வேலை நெருக்கிய அந்த நாளில் இவர் அதைத் திறந்தார், தலைப்பை மட்டும் பார்த்தார், 'நன்றாக உள்ளது' என்று இட்டு ஒப்புதல் தந்தார். குளிர்ப்பெட்டியையும் ஐயுற்றவர், தன் கையெழுத்தை ஐயுறவில்லை. வாயிற்கதவு திறந்திருக்கிறது என்று ஊரெல்லாம் முழங்கியவர், உள்ளே ஒருமுறையேனும் எட்டிப் பார்க்கவில்லை.

அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் படிக்க அமர்ந்தார். இப்போது ஒவ்வொரு வரியும் கள்ளனைப்போல் தோன்றியது. இந்த வரி எதை எடுத்து எங்கே அனுப்புகிறது? இந்தப் பணிவான மனிதர் உண்மையில் யார்? ஒரு மனிதரின் பணிவே ஐயத்துக்குக் காரணமாகும் கொடுமையை அன்றுதான் அவர் அறிந்தார். படித்து முடித்தபோது தெளிந்தது. எதுவும் எங்கும் போகவில்லை. குரல் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஆனால் ஒரு பிழை இருந்தது. வாக்கியத்தின் முடிவை அளக்கும் இடத்தில், தமிழின் ஈற்றொலிக்கு வேண்டியதைவிட நீண்ட நேரம் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த இழுப்பு அங்கேதான் பிறந்தது. அன்றே படித்திருந்தால் அன்றே கண்ணில் பட்டிருக்கும்.

அந்த மனிதருக்கு எழுதினார். உங்களை ஐயுற்றேன், பொறுத்தருள வேண்டும், பிழை ஒன்று கண்டேன், அதைத் திருத்திவிட்டேன் என்றார். விடை உடனே வந்தது: 'ஐயுற்றதற்கு நன்றி. என் திருத்தத்தை யாராவது படிக்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். தமிழ் எனக்குத் தெரியாது. உங்களை நம்பித்தான் அனுப்பினேன்.' அதைப் படித்தபோது, தலையில் குட்டு வாங்கியதைவிட அதிகமாக வலித்தது.

ஞாயிறு காலையில் மகன் வந்துவிட்டான். தங்கையும் எழுந்து வந்து கதவருகே நின்றாள். பெரியவர் கட்டிலில் அமர்ந்திருந்தார். மடியில் சிலேட்டு.

"நான் படிச்சுப் பாத்துட்டேன். இதுல இருந்து குரல் வெளிய போகல" என்றார் மருமகன்.

"குத்தவாளியே தீர்ப்புச் சொன்னா எப்படி மாப்ள?" என்றான் மகன், துண்டு போர்த்திய கணினியைத் தூக்கக் குனிந்தபடி.

"அண்ணா, இரு" என்று மகள் குறுக்கே வந்தாள். கணவரிடம் திரும்பினாள். "நீங்க எழுதறதை எங்க யாராலயும் படிக்க முடியாதுங்க. படிச்சுக்கோ படிச்சுக்கோன்னு சொன்னா, பசிக்கறவன் முன்னால பூட்டின நெல்லுப் பத்தாயத்தை வச்ச மாதிரி. எனக்கு நாடி பிடிச்சுப் பாக்கத்தான் தெரியும். அது மாதிரி, கையால தொட்டுப் பாக்கற மாதிரி ஏதாவது காட்டுங்க."

இத்தனை ஆண்டுகளில் மருமகனிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அவரும் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை. பிறகு துண்டை விலக்கி, கணினியை உயிர்ப்பித்து, அதன் பின்னாலிருந்த இணையக் கம்பியை எல்லார் கண்முன்னும் பிடுங்கி மகன் கையில் கொடுத்தார்.

"பிடிச்சுக்கோங்க மச்சான். இனிமே இந்தப் பெட்டிக்கும் வெளி உலகத்துக்கும் சம்பந்தமில்ல. மாமா, ஒரே ஒரு தடவை ஏதாவது எழுதுங்க."

பெரியவர் தயங்கினார். பின்பு மனமில்லாமல் தட்டினார்.

"கம்பி அவன் கையில. இப்ப நான் பேசறேனா?" என்றது பெட்டி, அவர் குரலில், இழுப்புச் சிறிதும் இல்லாமல்.

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குரல் இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. பேசறதுக்கு அது வெளிய போக வேண்டியதில்ல" என்றார் மருமகன். "இது மட்டும் முழுச் சாட்சி ஆகாது, அதையும் சொல்லிடறேன். போகலைங்கறதை நான் வரி வரியாப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா அதை நான் அன்னைக்கே படிச்சிருக்கணும். படிக்காம ஒப்புதல் போட்டேன். அந்த இழுப்பு என்னாலதான் வந்துச்சு."

அப்போது பெரியவர் ஒரு காரியம் செய்தார். சட்டைப்பைக்குள் கைவிட்டு, மகன் வாங்கித் தந்த கைப்பேசியை எடுத்து உயிர்ப்பித்து, ஏதோ தட்டி, மேசைமேல் வைத்தார்.

"வணக்கம்" என்றது அது. அதுவும் அவர் குரல்தான். ஆனால் தேன் பூசியதுபோல் இருந்தது.

மருமகன் திடுக்கிட்டுப் போனார். "இது என்ன மாமா?"

மகன் கம்பியைக் கையில் பிடித்தபடியே நின்றான். "அது... ஒரு பெரிய கம்பெனி ஆப். அதுவும் சும்மாதான் குடுத்தான். அப்பா இழுத்து இழுத்துப் பேசறது கேக்கச் சகிக்கல. பழைய பதிவையெல்லாம் அதுல ஏத்தினேன். உங்ககிட்டச் சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க, ஒரு வாரம் பிரசங்கமும் பண்ணுவீங்கன்னு அப்பாகிட்ட மறைக்கச் சொன்னேன்."

மகள் கைப்பேசியை எடுத்தாள், அதன் இணைப்பைத் துண்டித்தாள், 'வணக்கம்' என்றே மறுபடியும் தட்டினாள். திரையில் ஒரு வளையம் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. ஒலி எழவில்லை. இணைப்பு இல்லை என்று ஓர் அறிவிப்பு மட்டும் வந்தது.

"அண்ணா, அப்பா குரல் இதுக்குள்ள இல்லையே" என்றாள். "அப்ப எங்க இருக்கு?"

"அந்தக் கம்பெனிக்காரங்க கணினியில" என்றார் மருமகன்.

பெரியவரின் தங்கை அண்ணன் மகனிடம் கேட்டாள். "இதுல என் நம்பரை என்ன பேர்ல போட்டு வச்சிருக்கே?"

மகன் தலை கவிழ்ந்தான். "தங்கச்சின்னு போட்டேன் அத்தை. அந்த ஆப் எல்லா நம்பரையும் பாக்கலாமான்னு கேட்டுச்சு. கேட்டதுக்கெல்லாம் சம்மதம் சம்மதம்னு தட்டிவிட்டுட்டேன். என்ன எழுதியிருக்குன்னு படிக்கல." கம்பியைக் கையிலிருந்து விடாமலே அத்தையின் காலருகே அமர்ந்தான். "அன்னைக்கு நடந்ததைக் கேட்டதுமே எனக்கு, அத்தை, இதுவாத்தான் இருக்குமோன்னு தோணுச்சு. பயந்துபோய் மாப்ள மேல பழியைப் போட்டேன். காவல் நிலையத்துக்கு இன்னைக்கே நானே வந்து எல்லாத்தையும் சொல்றேன்."

அவள் அவன் தலையில் கைவைத்தாள். அடிக்கவா தடவவா என்று கைக்கே தெரியாததுபோல் சிறிது நேரம் அது அங்கேயே இருந்தது.

"மச்சான்" என்றார் மருமகன். "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொல்வாங்க. எங்க கூட்டத்துல பல்லைப் பிடிச்சுப் பாக்கறதுக்குன்னேதான் மாட்டைக் குடுக்கறோம். நான் பாக்காமலேயே தொழுவத்துல கட்டினேன். நீங்க பாக்கவே விடாத மாட்டை ஓட்டிட்டு வந்தீங்க. ரெண்டு பேருக்கும் பெரிசா வித்தியாசமில்ல."

"நான் ஓட்டிட்டு வந்த மாடு வீட்டையே மேஞ்சிடுச்சு மாப்ள" என்றான் மகன். அழுகைக்கு நடுவில் அப்படிச் சொன்னதில் அவனுக்கே சிரிப்பு வந்தது.

பெரியவர் சிலேட்டைக் கட்டிலின் ஓரமாக வைத்தார். கணினியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, நீதிமன்ற வாசலில் நிற்பவர்போல் முதுகை நிமிர்த்தி, நெடுநேரம் தட்டினார். எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு அந்தப் பழைய குரல் எழுந்தது:

"நானும் மறைச்சேன். மாப்பிள்ளை மனசு நோகக்கூடாதுன்னு மறைச்சேன். மறைச்ச எடத்துலதான் கள்ளன் பூந்தான். எல்லாரும் கேட்டுக்கோங்க. பாக்காம நம்பறதும் பாக்காம சந்தேகப்படறதும் ஒரே குருட்டுத்தனம். சும்மா குடுத்தாலும் சரி, காசுக்குக் குடுத்தாலும் சரி, என்ன எடுக்கறே, எங்க கொண்டு போறேன்னு கேக்கணும். கேட்டாக் காட்டறவன்கிட்ட வாங்குங்க. தெரியாதவங்க கேட்டா, தெரிஞ்சவங்க சிரிக்காம சொல்லிக் குடுங்க."

மருமகன் எழுந்து மாமனாரின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மகன் அந்தக் கைப்பேசியிலிருந்த செயலியை அப்போதே நீக்கினான். வெளியே போன குரல் போனதுதான். நீக்கியதால் அது திரும்பாது. அதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். ஆகவே இனி யார் குரலில் எந்த அழைப்பு வந்தாலும், வீட்டார் மட்டும் அறிந்த ஒரு சொல்லைக் கேட்டபிறகே பேசுவது என்று மகள் சொன்னதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

சாளரத்தில் வெயில் இன்னும் வரவில்லை. ஆயினும் பனி சற்றே வெளுத்திருந்தது. பெரியவர் தாமே எழுந்து போய்ச் சாளரத்தின் தாழை நீக்கினார். திரும்பி வந்து அமர்ந்து, விட்டுப்போன விடியல் துதியின் முதல் அடியை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். பெட்டிக்கு இசை வராது. வெறும் சொல்லாகத்தான் அது ஒலித்தது. ஆனால் அவர் கைகூப்பிக் கண்மூடி இருந்தார். இத்தனை நாள் அசையாதிருந்த உதடுகள் அந்த அடியோடு சேர்ந்து அசைந்தன. மற்றவர்களும் கைகூப்பினார்கள். இணையக் கம்பி தரையில் கிடந்தது.

துதி முடிந்ததும் அவர் கண்ணைத் திறந்து தங்கையைப் பார்த்தார். மறுபடியும் தட்டினார்.

"வாயாடி."

அவள் சிறுமிபோல் விசும்பிக்கொண்டு அருகில் வந்தாள்.

"வாயாடி, கிட்ட வா. நீயும் உன் பிள்ளைங்களும், என் மகனும் மருமகனும் மகளும், கண்ணு திறந்து, மனசு திறந்து, ஒருத்தரை ஒருத்தர் விசாரிச்சுக்கிட்டு, ஆண்டவன் துணையில ரொம்ப காலம் நல்லா இருங்க."